பல்கலைக்கழகத்தில் ஒரு புகார்



தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்திற்குப் புறப்படும் நாள் நம் வீடுகளில் திருவிழா நாள். கோயிலில் அர்ச்சனை செய்வதும், பெட்டி கட்டுவதும், அக்கம்பக்கத்தார் வந்து கையில் ஐம்பது வெள்ளி வைத்து வாழ்த்துவதும் நாம் அறிந்த காட்சிகள். அன்று தாயார் சொல்லும் புத்திமதிகளுக்கும் குறைவிருக்காது. வேளாவேளைக்குச் சாப்பிடு, இரவில் தனியே வெளியே போகாதே, வீண் வம்புக்குப் போகாதே என்றெல்லாம் சொல்லி அனுப்புவார். ஆனால், "உனக்கு யாராவது தொல்லை கொடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வாய்?" என்று கேட்டு அனுப்புகிற பெற்றோர் மிகக் குறைவு. கேட்டாலும் பதில் நமக்கே தெரியாது. தோட்டத்தில் ஒரு தகராறு என்றால் கங்காணியிடம் போவோம், கிராணியிடம் போவோம், தொழிற்சங்கத் தலைவரைத் தேடிப் போவோம். பல்கலைக்கழகத்தில் யார் கங்காணி, யார் கிராணி?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சற்றுக் கூச்சத்தைத் தரும் விஷயந்தான். ஒரு மாணவர் மீது மற்றொரு மாணவர் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தால், பல்கலைக்கழகம் அதை எப்படி நியாயமாக விசாரிக்க வேண்டும் என்பதே அது. மகளைப் பெற்றவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று இதனை எண்ணிவிட வேண்டாம். புகார் கொடுப்பவள் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். புகாருக்கு ஆளாகிறவனும் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். இருவருமே, முதன்முதலாகப் பட்டம் வாங்கப்போகும் பிள்ளை என்று ஒரு குடும்பம் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்த பிள்ளைகளாக இருக்கலாம்.

நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூரில் நடந்த ஒன்றை முதலில் பார்ப்போம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் ஒரு மாணவி குளித்துக்கொண்டிருந்தபோது, சக மாணவர் ஒருவர் கைப்பேசியால் அவரைப் படம் பிடித்துவிட்டார். விஷயம் போலீசுக்குப் போயிற்று. விசாரித்த போலீஸ் அந்த மாணவருக்கு 12 மாத நிபந்தனை எச்சரிக்கை கொடுத்தது. அந்தக் காலத்திற்குள் அவர் மீண்டும் குற்றம் செய்தால் பழைய குற்றத்திற்கும் வழக்கு வரலாம் என்பது அதன் பொருள். பல்கலைக்கழகமோ அவரை ஒரு பருவத்திற்கு இடைநீக்கம் செய்தது. விடுதிகளுக்குள் வரக்கூடாது என்றும், மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்றும், மனநல ஆலோசனைக்குப் போக வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இவ்வளவுதானா என்று அந்த மாணவியின் மனம் ஆறவில்லை. 2019 ஏப்ரலில் நடந்ததை இன்ஸ்டாகிராமில் எழுதிவிட்டார். சில நாள்களில் சிங்கப்பூர் முழுவதும் அதே பேச்சு. ஆயிரக்கணக்கானோர் கடுமையான தண்டனை கேட்டு மனுவில் பெயர் எழுதினர். முதல் தடவை தவறு செய்தவருக்குத் திருந்த ஒரு வாய்ப்பு, இரண்டாம் தடவை என்றால் வெளியேற்றம் என்பதுதான் அப்போது பல்கலைக்கழகம் கடைப்பிடித்த முறை. அன்றைய கல்வி அமைச்சர் ஓங் யி காங், இந்தத் தண்டனை போதாது என்றும், அப்படியொரு முறையை எல்லா வழக்கிற்கும் பொருத்த முடியாது என்றும் வெளிப்படையாகக் கூறினார். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. ஆய்வுக் குழு ஒன்றையும் அமைத்தது. அக்குழுவின் பரிந்துரைகள் 2019 ஜூனில் ஏற்கப்பட்டன. கடுமையான குற்றங்களுக்குக் குறைந்தது ஓராண்டு இடைநீக்கம், மிகக் கடுமையானவற்றுக்கு உடனடி வெளியேற்றம், பாதிக்கப்பட்டவருக்கு உதவத் தனிப் பிரிவு, விசாரணையின் போக்கை அவருக்குத் தெரிவிப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒருவர் அறியாமல் அவரது அந்தரங்கத்தைப் படம் பிடிப்பதைத் தனிக் குற்றமாக்கிய சட்டமும் அந்நாட்டில் 2020 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது.

தண்டனை கூடியது, நல்லதுதான். ஆனால் இந்தச் சம்பவத்தில் நம் கவனத்திற்குரியது தண்டனையின் அளவு மட்டுமன்று. அந்தப் பெண் தெருவுக்கு வந்துதான் தன் குறையைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதையே நாம் பெரிதாக எண்ணுகிறோம். உள்ளே இருக்கும் கதவு திறக்காவிட்டால் மனிதர்கள் தெருவில் நின்று கூவத்தான் செய்வார்கள். அப்படிக் கூவியவரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தெருவுக்கு அளவு தெரியாது. அந்த மாணவரின் பெயரும் படமும் ஊரெல்லாம் சுற்றின. அந்த மாணவியைப் பற்றியும் வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் உண்டு. இருவருக்குமே அது நியாயமான மன்றம் அன்று.

சரி, நியாயமான மன்றம் எது? இதற்கு முந்நூறு ஆண்டுப் பழமையான கதை ஒன்று உண்டு. அதுவும் ஒரு பல்கலைக்கழகக் கதைதான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1718-ஆம் ஆண்டில் டாக்டர் ரிச்சர்டு பெண்ட்லி என்னும் பெரிய அறிஞரின் பட்டங்களைப் பறித்துவிட்டது. அவர் துணைவேந்தரின் மன்றத்தை அவமதித்தார் என்பது குற்றச்சாட்டு. அவரை அழைத்து விளக்கம் கேட்காமலே பறித்துவிட்டார்கள். வழக்கு அரசரின் நீதிமன்றத்திற்குப் போயிற்று. 1723-இல் நீதிபதிகள் பெண்ட்லியின் பக்கம் தீர்ப்பளித்தனர். ஆதாமைத் தோட்டத்தை விட்டு வெளியேற்றுவதற்கு முன்னர் ஆண்டவன்கூட அவனைக் கூப்பிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டானே என்று ஒரு நீதிபதி எடுத்துக்காட்டினார். எல்லாம் அறிந்த ஆண்டவனே கேட்டான் என்றால், மனிதர்கள் கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? இந்த ஆங்கிலேயச் சட்ட மரபுதான் மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்களுக்கும் வந்து சேர்ந்தது. இதனை இயற்கை நீதி என்பார்கள். மறுதரப்பைக் கேட்க வேண்டும், தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது என்னும் இரண்டும் அதன் இரு கால்கள்.

மறுதரப்பைக் கேட்பது என்றால், "நீ செய்தாயா, இல்லையா, சொல்" என்று அலுவலகத்தில் நிறுத்தி மிரட்டுவதன்று. எந்த நாள், எந்த இடம், என்ன செய்ததாகப் புகார் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் தயாரிக்க நாள் கொடுக்க வேண்டும். தன் பக்கச் சாட்சிகளை அழைக்க விட வேண்டும். பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் இடமளிக்க வேண்டும். இவை அனைத்தும் புகார் கொடுத்தவருக்கும் உண்டு. ஒரு மாணவியை நான்கு பேர் வெவ்வேறு நாள்களில் உட்கார வைத்து, நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும், அன்று என்ன உடை உடுத்தியிருந்தாய் என்று கேட்பதும் விசாரணையாகாது. எதிர்த்தரப்பு கேட்க விரும்பும் கேள்விகளைக் குழுத் தலைவர் வழியாகக் கேட்பதே தக்க முறை. அப்போது கேள்வியும் விட்டுப்போகாது, கொடுமையும் நேராது.

இரண்டாவது காலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குழுவில் இருப்பவர் எவருக்கும் உறவினராகவோ நண்பராகவோ இருக்கக் கூடாது என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் பல்கலைக்கழகத்திற்கே இதில் ஒரு சொந்தக் கவலை இருக்கிறதே! தன் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்னும் கவலை. விடுதிக் கண்காணிப்பாளருக்குத் தன் விடுதியின் பெயர் பற்றிய கவலை. இந்தக் கவலை உள்ளவரிடமே விசாரணையை ஒப்படைத்தால், "இருவரும் கை கொடுத்துக்கொண்டு சமாதானமாகப் போங்கள்" என்றுதான் முடியும். நம் தோட்டத்துக் கோயில் வாசலில் எத்தனையோ பஞ்சாயத்துகளைக் கண்டவர்கள் நாம். வேலித் தகராறுக்கு அது நல்ல மருந்து. பெண் பிள்ளையின் உடலைப் பற்றிய விஷயத்தில், சமாதானம் என்ற பெயரில் வாயடைக்கப்படுவது பெரும்பாலும் பலவீனமானவரின் வாய்தான். ஆகவே விசாரிப்பவர் ஒருவர், தீர்ப்புச் சொல்பவர்கள் வேறு சிலர், அவர்களுள் வெளியாரும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையன்று.

விசாரணை முடியும் வரை இருவரும் ஒரே விடுதியில் இருப்பதா என்ற கேள்வியும் எழும். இங்கேதான் பல இடங்களில் அநியாயம் சத்தமில்லாமல் நுழைகிறது. "உன் பாதுகாப்புக்காக நீ வேறு விடுதிக்குப் போய்விடு" என்று மாணவியைத்தான் முதலில் கிளப்புவார்கள். புகார் கொடுத்தவரே மூட்டை தூக்குவதைப் பார்த்த மற்றப் பெண்கள் நாளைக்கு வாய் திறப்பார்களா? அவர் விரும்பிக் கேட்டால் ஒழிய அவரை மாற்றக் கூடாது. மாணவனை மாற்றினாலும் அது தண்டனையன்று, தற்காலிக ஏற்பாடு என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அவனுடைய வகுப்புக்கும் தேர்வுக்கும் தடை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குற்றவியல் நீதிமன்றத்தில் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், நியாயமான ஐயத்திற்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பல்கலைக்கழகம் எவரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. ஆகவே பல பல்கலைக்கழகங்கள் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும் உரிமையியல் வழக்கு முறையைக் கைக்கொள்கின்றன. இருந்தாலும், படிப்பை இழப்பது தோட்டத்துப் பிள்ளைக்குச் சிறிய தண்டனையன்று. தராசு இலேசாக ஆடியதும் முடிவு கட்டிவிடக் கூடாது. பால் நிறுக்கும்போது முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள் அல்லவா? அதேபோல், எந்தச் சாட்சியத்தை நம்பினார்கள், எதை நம்பவில்லை, ஏன் என்பதை இரு தரப்புக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மேல்முறையீட்டில் ஒருவர் உருப்படியாக வாதாட முடியும். முடிவை ஒரு தரப்புக்கு மட்டும் சொல்லி, மறுதரப்பை மாதக்கணக்கில் இருட்டில் வைப்பதை இரகசியக் காப்பு என்று சொல்லித் தப்ப முடியாது.

நம் மலேசியாவுக்கு வருவோம். பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் 2022-இல் நிறைவேறியது. சொல்லால், சைகையால், படத்தால், தொடுவதால் என்று எவ்வகையில் வந்தாலும், ஒருவர் விரும்பாத பாலியல் தன்மையுள்ள செயல் இச்சட்டத்தில் அடங்கும். இதன்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024-இலிருந்து புகார்களை ஏற்கிறது. அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாடும் வழக்கமில்லை. ஆகவே பணமில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடப்பதில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லவும், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் சைகைக்கும் தண்டனைச் சட்டத்தின் 509-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. அது போலீசின் வழி. பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கை இன்னொரு வழி. ஒரு கதவில் தட்டியதால் இன்னொரு கதவு நமக்கு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். எத்தனை நல்ல விதி எழுதி வைத்தாலும், புகார் வந்தால்தானே விசாரணை? நம் பெண் பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்குவது பல்கலைக்கழகத்துக்குப் பயந்து மட்டுமன்று, நமக்கும் பயந்துதான். "சொன்னால் அப்பா படிப்பை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்" என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. அப்படிக் கூட்டிவந்த குடும்பங்களையும் நாம் அறிவோம். தொல்லை கொடுத்தவன் பட்டம் வாங்குகிறான். தொல்லைப்பட்டவள் வீட்டில் உட்காருகிறாள். மானம் காப்பதாக நினைத்து நாமே தண்டனையை இடம் மாற்றிக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்துச் சொன்னாளே, அதனால் பொய் என்று எவராவது சொன்னால், அவள் ஏன் தாமதித்தாள் என்பதற்குப் பாதிப் பதில் நம்மிடமே இருக்கிறது.

மகனைப் பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை மீது புகார் வந்தால், அந்தப் பெண்ணின் வீட்டுக்கு உறவினர்களைத் திரட்டிக்கொண்டு போகாதீர்கள். கெஞ்சினாலும் மிரட்டினாலும் அது அவன் தலையில்தான் விடியும். அவனிடம் உண்மையைக் கேளுங்கள். குற்றச்சாட்டை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். கைப்பேசிச் செய்திகளில் ஒன்றையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் குற்றமற்றவன் என்றால் அவையே அவனைக் காப்பாற்றும்.

மகள் தொலைபேசியில் அழுதால், முதலில் முழுவதையும் கேளுங்கள். ஏன் அங்கே போனாய் என்ற கேள்வி அன்று வேண்டாம். நாள், நேரம், இடம், அங்கிருந்தவர்கள் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வந்த செய்திகளைப் படமெடுத்து வைக்கட்டும். விடுதியின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்து போகலாம். ஆகையால் அவற்றைப் பாதுகாத்து வைக்கும்படி உடனே எழுத்தில் கேட்கட்டும். புகாரின் நகல் ஒன்றில், பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். யாரிடம் போவது என்றே தெரியாத நிலையில், 15999 என்னும் தாலியான் காசே எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மகன்களும் அழைக்கலாம், தொல்லைக்கு ஆளாகும் ஆண் பிள்ளைகளும் இருக்கிறார்கள், சட்டம் அவர்களையும் ஒதுக்கவில்லை.