நீச்சல் குளத்தில் தவளைக் கச்சேரி!

நள்ளிரவு. ஊர் அடங்கிவிட்டது. கொல்லைப் பக்கத்தில் ஒரு சத்தம்.

"டொக்!... டொக்!..."

டென்னிஸ் மட்டையில் பந்து படுவது போன்ற ஒலி. இந்த நேரத்தில் யார் பந்து ஆடுகிறார்கள்? வீட்டுக்காரர் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறார். ஆட்டக்காரர் யாரும் இல்லை. நீச்சல் குளத்துத் தண்ணீரில் மிதந்தபடி ஒரு தவளை கத்திக்கொண்டிருக்கிறது!

கதை அல்ல. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தின் வடக்கே உள்ள வீடுகளில் இத்தகைய இரவுகள் உண்டு. அந்தத் தவளைக்குக் "கோட்டுச் சதுப்புத் தவளை" என்று பெயர் சொல்லலாம். அதன் குரலே அப்படித்தான்!

நீச்சல் குளத்தில் தவளைக்கு என்ன வேலை என்கிறீர்களா? அதுதான் சுவாரசியமான விஷயம்.

பிள்ளைகள் போனார்கள்; குளம் நின்றது

சிட்னியில் கொல்லையில் நீச்சல் குளம் உள்ள வீடுகள் ஏராளம். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை குளத்தில் ஒரே கும்மாளம்தான். அவர்கள் வளர்ந்து, வேலைக்கும் கலியாணத்துக்கும் வீட்டை விட்டுப் போன பிறகு குளத்தைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

ஆனால் செலவு நிற்குமா? தினமும் பல மணி நேரம் பம்பு ஓடவேண்டும். குளோரின் போடவேண்டும். சருகு அள்ளவேண்டும். யாரும் குளிக்காத தண்ணீருக்கு மாதந்தோறும் பணம்!

மண் கொட்டி மூடலாம். அதற்கும் பெருந்தொகை ஆகும்.

1997 முதல் 2009 வரை ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியைக் கடும் வறட்சி வாட்டியது. 2007-ம் ஆண்டு தொடக்கத்தில் சிட்னியின் அணைகளில் இருந்த தண்ணீர் மூன்றில் ஒரு பங்குதான். குழாய் நீருக்குக் கட்டுப்பாடு வந்தது. குளத்துத் தண்ணீரை வீணாக்காமல் என்ன செய்யலாம் என்று பலரும் யோசித்தார்கள்.

சிட்னியின் வடபுறத்தில் கூரிங்காய் என்று ஒரு நகரசபை இருக்கிறது. (பெயரைக் கேட்டுக் கறிகாய் என்று நினைத்துவிடாதீர்கள்!) "நீச்சல் குளத்தை இயற்கைக் குட்டையாக மாற்றிவிடுங்கள். நாங்கள் வழி சொல்கிறோம்" என்று அந்த நகரசபை ஒரு திட்டம் வகுத்தது.

சும்மா விட்டால் ஆபத்து

"இதற்கு ஒரு திட்டமா? குளோரினை நிறுத்தினால் தானே குட்டையாகிவிடாதா?" என்று கேட்கலாம்.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். சும்மா கைவிட்ட குளம் கொசுப் பண்ணை ஆகிவிடும். கோடையில் கொசு முட்டை பொரித்து, புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆஸ்திரேலியாவில் "ராஸ் ஆற்றுக் காய்ச்சல்" என்ற நோயைக் கொசுக்கள் பரப்புகின்றன. மூட்டுகளை முடக்கிப்போடும் காய்ச்சல் அது.

இந்த ஆபத்துக்கு அமெரிக்காவிலும் ஓர் உதாரணம் உண்டு. 2007-ல் கலிபோர்னியாவில் கடன் கட்ட முடியாமல் பலர் வீடுகளை இழந்து வெளியேறினார்கள். கொல்லைக் குளங்கள் கேட்பாரற்றுப் பாசி பிடித்தன. பேக்கர்ஸ்பீல்டு நகரம் உள்ள கெர்ன் மாவட்டத்தில் அந்த ஆண்டு, கொசுவினால் பரவும் "மேற்கு நைல்" காய்ச்சல் மும்மடங்குக்கும் மேலாகப் பெருகியது. பாழான குளங்களுக்கு இதில் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

பாழுங் குளத்தில் கொசுப்புழு மட்டும் இருக்கிறது. நல்ல குட்டையில் அதைத் தின்னும் ஜீவன்களும் இருக்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்!

மாற்றுவது எப்படி?

முதலில் குளோரின் போடுவதை நிறுத்தவேண்டும். வெயிலிலும் காற்றிலும் அது மெல்ல மறைந்துவிடும். சில குளங்களில் உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் யந்திரம் இருக்கும். அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கும். தவளைக்கு உப்பு ஆகாது. ஆகையால் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றி, மழை நீரை நிரப்பி, உப்பைக் குறைக்கவேண்டும்.

அவசரப்பட்டு முழுவதையும் இறைத்துவிடக் கூடாது. ஈரமான நிலமாக இருந்தால், அடியில் ஊறும் நீர் காலித் தொட்டியையே மேலே தூக்கிவிடும்!

அடுத்தபடியாகத் தண்ணீர் பச்சையாகும். வீட்டுக்காரர் பயப்படுவார். பயப்படவேண்டாம். பாசியைத் தின்னக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்ப்பூச்சிகள் வந்து சேரும். செங்கல்லை அடுக்கி, அதன்மேல் கோரையும் அல்லியும் நட்ட தொட்டிகளை வைக்கவேண்டும். பாசிக்குப் போகும் சத்தைச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். இலைகள் விரிந்தால் வெயில் மறையும். பாசி அடங்கிவிடும். செடிக்கு உரம் மட்டும் போடக் கூடாது. போட்டால் அது பாசிக்கு விருந்து!

நம் ஏரிகளை மூடிக் கெடுக்கும் ஆகாயத்தாமரை அங்கேயும் பகைவன்தான். அழகாகப் பூக்கிறதே என்று அதைக் குட்டையில் விடக் கூடாது.

நீச்சல் குளத்தின் சுவர் செங்குத்தானது. தவறி விழுந்த ஓணான், பல்லி ஏறமுடியாமல் செத்துப்போகும். ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் போதும், பிழைத்துக்கொள்ளும்.

எந்த மீனை விடுவது?

செடி வேர் பிடித்தபின் மீன் விடலாம். இதிலும் ஒரு பாடம் உண்டு.

கொசுவை ஒழிப்பதற்காக 1925-ல் "கம்பூசியா" என்ற வட அமெரிக்க மீனைச் சிட்னிக்குக் கொண்டுவந்தார்கள். அது கொசுப்புழுவைத் தின்றது. அதோடு தலைப்பிரட்டைகளையும் கடித்துக் குதறியது. உள்ளூர் மீன்களின் துடுப்பைக் கிழித்தது. அதை ஒழிக்க வழி தெரியாமல் இன்றும் திண்டாடுகிறார்கள்.

சிட்னி பக்கம் ஒருகாலத்தில் எங்கும் கத்திய பச்சைப் பொன் தவளை இன்று அபாய நிலையில் இருக்கிறது. கம்பூசியா ஒரு காரணம். தோலைத் தாக்கும் பூஞ்சை நோய் இன்னொரு காரணம். குட்டைகளைத் தூர்த்து வீடு கட்டியது மற்றொன்று. 2000-ம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்துக்காக டென்னிஸ் அரங்கம் கட்டத் தேர்ந்தெடுத்த பழைய செங்கல் சூளைப் பள்ளத்தில் இந்தத் தவளைகள் இருந்தன. அரங்கத்தையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்!

ஆகையால் குட்டையில் விடவேண்டியது உள்ளூர் மீன்தான். "பசிபிக் நீலக்கண்" என்ற விரல் நீள மீன் கொசுப்புழுவை வேட்டையாடும். தலைப்பிரட்டைக்கு அதனால் அவ்வளவு தொல்லை இல்லை.

தவளையை மட்டும் யாரும் பிடித்துவந்து விடக் கூடாது. பூஞ்சை நோயும் கூடவே வந்துவிடலாம். தண்ணீரும் செடியும் இருந்தால், அழைப்பு இல்லாமலே அது வந்து சேரும். தும்பி வரும். பறவை வரும்.

வேலி இருக்கட்டும்

ஒன்றை மறக்கவே கூடாது. குட்டையில் அல்லி பூத்துவிட்டால் ஆழம் குறைந்துவிடாது. இலை மூடிய தண்ணீரில் குழந்தை விழுந்தால் கண்ணுக்கும் தெரியாது. நீச்சல் குளத்தைச் சுற்றி வேலி கட்டாயம் என்பது சிட்னி உள்ள மாநிலத்தின் சட்டம். குளம் குட்டையான பிறகும் வேலி நிற்கட்டும். கதவு தானாக மூடித் தாழிடட்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1½ மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 48 ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிற்கும். கூரிங்காய் காடு சூழ்ந்த ஊர். 1994 ஜனவரியில் மூண்ட காட்டுத் தீயில் அங்கே வீடுகள் எரிந்தன. அத்தகைய நாளில் கொல்லையில் நிற்கும் தண்ணீர் உயிரையே காக்கலாம். மற்ற நாட்களில் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம்.

பேரப்பிள்ளைகள் வந்து "தாத்தா, நீந்தவேண்டும்" என்று அடம் பிடித்தால்? செடிகளையும் மீன்களையும் பத்திரமாக வேறு குட்டைக்கு மாற்றி, தொட்டியைக் கழுவி, மறுபடி குளோரின் போட்டால் பழைய நீச்சல் குளம் தயார்!

ஆனால் அதற்குள் பேரப்பிள்ளைகளே தலைப்பிரட்டையை எண்ண ஆரம்பித்துவிட்டால், தாத்தாவுக்கு அந்த வேலையும் மிச்சம்.