சுவரில் ஒரு துவாரம்

பேர்லினில் நான் குடியிருக்கும் பழைய கட்டிடத்துக்குச் சென்ற வசந்தத்தில் சாரம் கட்டினார்கள். வெப்பம் வெளியேறாதிருக்கச் சுவருக்குக் காப்புத்தகடு ஒட்டும் வேலை. மே முதல் வாரம், இரவு வேலை முடிந்து வந்தபோது, உழவாரக் குருவிகள் கூரை விளிம்பில் மோதுவதுபோல் வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தன. அவை வழக்கமாக நுழையும் துவாரங்கள் பூசப்பட்டிருந்தன.

சூழலியல் என்றதும் நமது புத்திஜீவிகளுக்கு அமேசன் காடுதான் நினைவுக்கு வருகிறது. (விரிவுரை மண்டபத்தில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.) நகரத்துச் சுவரின் சிறு இடைவெளியும் ஒரு வாழிடமே என்பதைத் தொழிலாளியான பின்புதான் அண்ணாந்து பார்த்துக் கற்றேன்.

இப்பறவையின் எடை சுமார் 40 கிராம். சகாராவுக்குத் தெற்கே மாரியைக் கழித்து, மே தொடக்கத்தில் வந்து, ஆகஸ்ட் தொடக்கத்தில் போய்விடும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, சில பறவைகள் கூடு நீங்கிய பத்து மாதங்களும் தரையிறங்காமலே பறந்திருக்கின்றன. இரை தேடுவதும் வானில்தான். நம்மிடம் அதற்கு வேண்டியது அந்தத் துவாரம் மட்டுமே. வருடாவருடம் அதே துவாரத்துக்குத்தான் திரும்புகிறது. இதை உடனே அகதிக்கு உவமையாக்க அந்தரப்படும் கவிஞர்கள் தயவுசெய்து பொறுத்தருள்க.

சிட்டுக்குருவியின் சிக்கல் வேறு. பொந்து கிடைத்தாலும் குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் பூச்சி வேண்டும். பற்றையும் களையும் வெட்டிச் சரளைக்கல் பரப்பிய முற்றத்தில் பூச்சி ஏது?

ஜேர்மனியின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம், 44ஆம் பிரிவில், கூட்டிடங்களை அழிப்பதைத் தடைசெய்கிறது. ஆண்டுதோறும் திரும்பும் பறவைகளின் கூட்டிடத்துக்கு அவை இல்லாத காலத்திலும் அப்பாதுகாப்பு உண்டு. ஆகவே 'குளிர்காலத்தில் வெறுமையாகத்தானே கிடந்தது' என்ற வாதம் எடுபடாது. அடைக்கத்தான் வேண்டுமெனில் முன்கூட்டியே விலக்கு அனுமதி பெற வேண்டும். மாற்றுக் கூட்டுப்பெட்டியும் பொருத்த வேண்டும்.

வெப்பக்காப்பு எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. அதை எதிர்ப்பது மடமை. இரு நன்மைகள் மோதுகின்றன என்பதே உண்மை. ஆனால் காப்புத்தகட்டின் தடிப்புக்குள்ளேயே பெட்டியைப் பதித்துவிடலாம். பழைய துவாரத்துக்கு அருகில் வைப்பதுதான் முக்கியம். தள்ளி வைத்தால் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கவும் கூடும்.

அயல்வீட்டு மூதாட்டி திருத்தித் தந்த டொச்சில் வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதினேன். ஒக்ரோபரில் நான்கு பெட்டிகள் பொருத்தினார்கள். அடைபட்ட துவாரங்கள் ஆறு. வரும் மே மாதத்துக்கும் இரவு வேலையே கேட்டிருக்கிறேன்.