அந்தமான் சரிவுகளில் மண் இழப்பைக் கணக்கிடுதல்

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுகள் இரண்டும் மழை தருவதால் ஆண்டின் பெரும்பகுதியில் சரிவு நிலங்கள் மழையின் தாக்குதலுக்கு உள்ளாகின்றன. அடர்ந்த காடு உள்ளவரை மண்ணுக்குக் காப்பு உண்டு. 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் இங்குக் குடியமர்த்தப்பட்டபின், பள்ளத்தாக்குகளில் நெல் வயல்களும் குன்றுச் சரிவுகளில் தென்னை, பாக்குத் தோட்டங்களும் பெருகின. தீவில் சரிவை விட்டு நீங்கும் மண்ணுக்குக் கடல் தொலைவில் இல்லை; அங்குச் சேரும் வண்டல் பவளப்பாறைகளையும் மூடிக் கெடுக்கிறது.

ஆகவே, எந்தச் சரிவை முதலில் காப்பது என்பதே திட்டமிடுவோர் முன்னுள்ள கேள்வியாகும். இதற்குப் 'பொது மண் இழப்புச் சமன்பாடு' உதவுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த விஷ்மையர், ஸ்மித் ஆகியோர் இதனை 1965-லும், திருத்திய வடிவில் 1978-லும் கையேடாக வெளியிட்டனர். மழையின் அரிப்புத் திறன், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளம், சரிவின் சாய்வு, பயிர் மூடாக்கு, பாதுகாப்பு முறை ஆகிய ஆறு காரணிகளைப் பெருக்கினால், ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் எத்தனை டன் மண் இழக்கப்படும் என்ற மதிப்பீடு கிடைக்கும்.

புவியியல் தகவல் முறை, நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. மழைமானி நிலையங்களின் பதிவுகள், மண் வரைபடம், நில உயர விவரம், செயற்கைக்கோள் படம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணிகளை வகுத்துப் பெருக்குகிறது. இவ்வாறு அமையும் வரைபடத்தில் இழப்பு மிகுந்த சரிவுகள் தனியே புலப்படும். இந்தியாவின் சராசரி மண் இழப்பு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 16.35 டன் என 1983-இல் மதிப்பிடப்பட்டது. ஆனால், சராசரி எந்தக் குன்றையும் சுட்டிக் காட்டுவதில்லை, வரைபடம் காட்டுகிறது.

மழையையும் மண்ணின் இயல்பையும் நாம் மாற்ற இயலாது. மூடாக்கும் பாதுகாப்பு முறையும் நம் கையில் உள்ளன. காரணிகள் பெருக்கப்படுவதால், மூடாக்குக் காரணி 0.4-லிருந்து 0.1 ஆகக் குறைந்தால் இழப்பும் நான்கில் ஒரு பங்காகும். தோட்ட மரங்களுக்கிடையே பயறுவகை மூடுபயிர் வளர்ப்பதும், சமஉயர வரப்பு அமைப்பதும் இதனாலேயே பயன் தருகின்றன.

எனினும், இம்முறைக்கு எல்லைகள் உண்டு. நிலச்சரிவும் பெரும் ஓடை அரிப்பும் இச்சமன்பாட்டில் அடங்கா. மிதமான சாய்வுள்ள நிலங்களில் உருவான கணக்கு, செங்குத்தான சரிவுகளில் பிழைபடக்கூடும். அடர்காட்டில் ராடார் வழிப் பெற்ற உயர அளவு, தரையை விடுத்து மர உச்சிகளையே காட்டலாம். எனவே, வரைபடம் சுட்டும் இடங்களில் சோதனைப் பாத்திகள் அமைத்து, வழிந்தோடும் நீரையும் மண்ணையும் அளந்து ஒப்பிடுதல் இன்றியமையாதது. களத்தில் சரிபார்க்கப்பட்ட வரைபடமே, இருக்கும் நிதியை எந்தக் குன்றில் முதலில் செலவிடுவது என்பதைத் தீர்மானிக்கத் தகுந்த சான்றாகும்.