சைக்கிளும் செய்மதியும்: பயணப் பதிவுக் கருவிகளின் துல்லியம் பற்றிச் சில குறிப்புகள்

துவிச்சக்கர வண்டியோட்டத்தைப் பதிவுசெய்யும் ஜி.பி.எஸ். கருவிகளும் கைத்தொலைபேசிச் செயலிகளும் இன்று பரவலான பயன்பாட்டுக்கு வந்துள்ளன. சென்ற தூரம், வேகம், ஏறிய உயரம், செலவிட்ட வலு ஆகிய அனைத்தையும் அவை எண்களாகத் தருகின்றன. அவ்வெண்கள் இயற்கையிலிருந்து நேரடியாகப் பெறப்பட்ட உண்மைகள் என்ற எண்ணமே பொதுவாக நிலவுகின்றது. ஆயின், அவற்றுள் ஒவ்வொன்றும் சில எடுகோள்களின் அடிப்படையிற் கணிக்கப்படுவதாகும். அவ்வெடுகோள்கள் எவை, எத்தகைய ஓட்டுநரை மனங்கொண்டு அவை வகுக்கப்பட்டன என்னும் இரு வினாக்களையும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோரத்தை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பிரதேசத்தைத் தேர்ந்தமைக்கு இரு காரணங்கள் உள. முதலாவது, கடல் மட்டத்தை ஒட்டிய சமதரையாதலால் கருவிகளின் வழுக்கள் இங்கு எளிதிற் புலப்படுகின்றன. இரண்டாவது, இங்கு சைக்கிள் உழைப்பாளரின் தொழிற் கருவியாகவும் இருந்து வருகின்றது.

முதலில் இத்தொகுதியின் தோற்றத்தைச் சுருக்கமாக நோக்குவோம். ஜி.பி.எஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் இராணுவத் தேவைக்காக உருவாக்கப்பட்டது. அதன் முதலாவது செய்மதி 1978இல் ஏவப்பட்டது; 1995இல் தொகுதி முழுமையாக இயங்கத் தொடங்கியது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே வழு கலக்கும் வழக்கம் 2000 மே மாதம் வரை நீடித்தது. அதுவரை நூறு மீற்றர் அளவான பிழையை ஏற்றுக்கொள்ளவேண்டிய நிலையில் பொதுப் பயனாளர் இருந்தனர். துல்லியம் என்பதுங்கூட ஓர் அரசியல் தீர்மானத்தினால் வழங்கப்பட்ட ஒன்று என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. இன்று ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் தொகுதிகளும் இந்தியாவின் பிராந்தியத் தொகுதியும் உள்ளன. பல கருவிகள் இவற்றுட் சிலவற்றை ஒருங்கே பயன்படுத்துகின்றன.

இத்தொகுதியின் அடிப்படை காலக் கணிப்பாகும். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் செய்மதியிலிருந்து வானொலிச் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கித் தூரம் பெறப்படுகின்றது. குறைந்தது நான்கு செய்மதிகளின் தூரங்களைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணிக்கின்றது. நேரக் கணிப்பில் ஒரு மைக்ரோசெக்கன் பிழைத்தால் தூரத்தில் 300 மீற்றர் பிழைக்கும். திறந்த வெளியில் சாதாரணக் கைத்தொலைபேசியொன்றின் பிழை பொதுவாக ஐந்து மீற்றர் அளவினதாகும். கல்முனைக்கு மேற்கே கல்லோயா நீரினால் விளையும் வயல்வெளிகளில் வானம் தடையின்றித் தெரிவதால் இவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கலாம். பிரதான வீதியின் மாடிக் கடைகளுக்கிடையிலோ சமிக்ஞை சுவர்களிற் பட்டுத் தெறித்து, நீண்ட வழியால் வந்துசேர்கின்றது. இதனால் வீதியின் நடுவே சென்றவரின் சுவடு கடைகளுக்குள்ளே புகுந்து வெளிவருவதாகப் படத்தில் தோன்றும்.

இப்பிரதேசத்துக்குரிய வேறொரு காரணியும் உண்டு. சமிக்ஞை கடந்துவரும் அயனமண்டலம் புவியின் காந்த மத்திய கோட்டை அண்டிய பகுதிகளிலேயே மிகவும் கலக்கமுறுகின்றது. அக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் அண்மித்துச் செல்கின்றது. கேரளத்தின் தும்பாவில் 1963இல் ஏவுகணைத் தளம் அமைக்கப்பட்டமைக்கும் இக்கோட்டின் அண்மையே காரணமாயிற்று. எனவே, சூரியச் செயற்பாடு மிகுந்த ஆண்டுகளில், சூரியன் மறைந்தபின் வரும் சில மணி நேரங்களில் இங்குள்ள கருவிகள் கூடுதலாகத் தடுமாறக்கூடும். இரு அலைவரிசைகளைப் பெறும் புதிய கருவிகள் அயனமண்டலத் தாமதத்தைப் பெருமளவு நீக்கிவிடுகின்றன. மலிவான கருவிகளிடம் அவ்வசதி இருப்பதில்லை.

உயரம் பற்றிய வழு இதனினும் வியப்புக்குரியது. கருவி புவியை ஓர் ஒழுங்கான நீள்கோளமாகக் கற்பித்து, அதன் மேற்பரப்பிலிருந்தே உயரத்தை முதலிற் கணிக்கின்றது. உண்மையான கடல் மட்டமோ புவியீர்ப்பின் வேறுபாடுகளுக்கேற்ப இந்நீள்கோளத்தினின்று விலகியுள்ளது. உலகிலேயே இவ்விலகல் மிக ஆழமாக உள்ள இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. அங்கு கடல் மட்டம் நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 106 மீற்றர் கீழே கிடக்கின்றது. அம்பாறைக் கரையோரத்திலும் இது 90 மீற்றரைத் தாண்டும். அண்ட்ரொயிட் தொலைபேசிகள் செயலிகளுக்கு நெடுங்காலமாக வழங்கிவந்தது இந்த நீள்கோள உயரத்தையே. அதனைத் திருத்தாத செயலியொன்று, சாய்ந்தமருதுக் கடற்கரையில் நிற்பவரைக் கடலுக்குத் தொண்ணூறு மீற்றர் கீழே நிற்பவராகக் காட்டும். ஐரோப்பாவில் இவ்வழு ஐம்பது மீற்றர் அளவில், எதிர்த் திசையில் அமைகின்றது. ஒரு பயணத்தில் 'ஏறிய உயரம்' எவ்வளவு என்பதை இது பாதிப்பதில்லை. வழு பயணம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதே அதற்குக் காரணம். ஆயினும், 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையாகும். ஓரிரு மீற்றர் மேடு உயிரைத் தீர்மானித்த இக்கரையில், தம் வீட்டு நிலத்தின் உயரத்தைத் தொலைபேசித் திரையில் எவரும் வாசித்தறிய முனைதல் ஆகாது.

விலை கூடிய கருவிகள் உயரத்தை வளியமுக்கத்தின் வழி அளக்கின்றன. கடல் மட்டத்தை அண்டி அமுக்கம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், கருவி அதனை எட்டு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஏற்றமாகக் கொள்கின்றது. ஆனால், அயனமண்டலத்தைப் போலவே வெப்பவலயத்தின் வளிக்கும் தனியான ஓர் இயல்பு உண்டு. காலை பத்து மணியளவில் உச்சத்தை அடையும் அமுக்கம், மாலை நான்கு மணியளவில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் தாழ்ந்துவிடுகின்றது. காலையிற் புறப்பட்டுச் சமதரையில் ஓடி மாலையில் அதேயிடத்துக்குத் திரும்பியவர் இருபது மீற்றர் அளவு மேலேறியதாகக் கருவி சொல்லக்கூடும். இத்தகைய அமுக்க அலை குன்றிய நாடுகளின் ஓட்டுநருக்கு இது பெரிதாகத் தோன்றுவதில்லை.

தூரக் கணிப்பும் இவ்வாறே. கருவி இடைவெளி விட்டுப் புள்ளிகளைப் பதிந்து அவற்றை நேர்கோடுகளால் இணைக்கின்றது. ஒழுங்கைகளில் அடிக்கடி திரும்பும்போது மூலைகள் வெட்டுண்டு தூரம் குறைகின்றது. மெதுவாகச் செல்லும்போதும் நிற்கும்போதும் புள்ளிகள் அலைவதால் தூரம் கூடுகின்றது. சில்லின் சுற்றுகளை எண்ணும் உணரி இவ்விரு வழுக்களுக்கும் உட்படாது. ஆயின், சில்லின் சுற்றளவைச் சரியாகக் கொடுத்தல் வேண்டும். 2.2 மீற்றர் சுற்றளவுள்ள சில்லுக்கு 2.1 எனப் பதிந்தால், நூறு கிலோமீற்றர் ஓட்டம் 95.5 கிலோமீற்றராகக் குறையும். ஓட்டுநர் வண்டியில் அமர்ந்த நிலையில் சில்லை ஒரு சுற்று உருட்டி, நிலத்தில் அடையாளமிட்டு அளத்தலே தக்க முறையாகும்.

இதுவரை கூறியவை இயற்கையினாலும் பொறிமுறையினாலும் நேரும் வழுக்கள். இனி, எடுகோள்கள் எத்தகைய ஓட்டுநரை மனங்கொண்டவை என்ற வினாவுக்கு வருவோம். கடற்கரையிலிருந்து மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கிராமங்களுக்குச் செல்லும் வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் வாசலுக்கு வாசல் நிற்கின்றார். செயலி அந்நிறுத்தங்களை 'ஓடிய நேரத்தில்' இருந்து கழித்துவிடுகின்றது. பொழுதுபோக்கு ஓட்டுநருக்கு நிறுத்தம் ஓய்வாக இருக்கலாம். வியாபாரிக்கோ விற்பனை நிகழும் நேரம் அதுவே. அடுத்து, வலுவைக் கணிப்பதற்குச் செயலி ஓட்டுநரின் நிறை, வண்டியின் நிறை, வேகம், சாய்வு ஆகியவற்றைக் கொள்கின்றது. பெட்டியின் பாரத்தை எவரும் பதிந்தாலன்றி அது அறியாது. ஸ்ட்ராவா போன்ற செயலிகளின் கணிப்பிற் காற்றுக்கும் இடமில்லை. கச்சான் வீசும் மாதங்களில் மேற்கு நோக்கி வட்டைக்குச் செல்லும் வயற்கூலி எதிர்காற்றில் மிதித்துக் களைக்கின்றார். சமதரை, குறைந்த வேகம் என்ற இரண்டை மட்டும் கண்ட கருவி, அவர் சிறிதளவே உழைத்ததாகத் தீர்ப்பளிக்கின்றது.

இவ்வெண்கள் திரையோடு நின்றுவிடுவனவுமல்ல. ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில், ஒரு பில்லியன் பதிவுகளைத் திரட்டி உலகப் படமொன்றை வெளியிட்டது. ஆப்கானிஸ்தான், சிரியா ஆகிய நாடுகளின் இராணுவத் தளங்கள் அப்படத்தில் ஒளிக்கோடுகளாகத் துலங்கியமையை 2018 ஜனவரியில் அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். சுற்றியுள்ள ஊர்களில் மக்கள் வாழ்ந்தும் அவை இருண்டு கிடந்தன. கருவியுடையோர் ஒளிர்ந்தனர், ஏனையோர் ஒளிரவில்லை என்பதே அதன் பொருள். இத்தகைய தரவுகளை வீதித் திட்டமிடலுக்கு வழங்கும் சேவை 2014இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் போக்குவரத்துத் திணைக்களம் அதன் முதல் வாடிக்கையாளராயிற்று. இலங்கையில் 2022இன் எரிபொருள் நெருக்கடியின்போது பல்லாயிரவர் மீண்டும் சைக்கிளுக்குத் திரும்பினர். அவருட் பெரும்பாலோர் எந்தச் செயலியிலும் பதிவாகாதவர்கள். நாளை இக்கரையோரத்தில் சைக்கிளுக்கான வீதியோரம் எங்கு அமைய வேண்டும் என்பதை இத்தகைய படங்களைக் கொண்டு தீர்மானிக்க முற்பட்டால், அதிகாலையில் மீன் கொண்டுசெல்லும் வழிகளும் வட்டைக்குச் செல்லும் வாய்க்காற் பாதைகளும் ஆளற்ற வெளிகளாகவே கணிக்கப்படும்.

மனிதரிடையேயான சமூக உறவு பொருள்களின் உறவாகத் தோற்றமளிக்கும் மாயையை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்தில் விளக்கினார். அளவுக் கருவியின் எண்ணும் இதற்கு விலக்கன்று. அதன் பின்னாலுள்ள தீர்மானங்கள் மறைந்து, எண் மட்டும் இயற்கை உண்மையாக நம்முன் நிற்கின்றது. இதனாற் கருவிகளை நிராகரிக்க வேண்டும் என்பது நமது கருத்தன்று. எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிந்தே அவற்றைப் பயன்படுத்தவேண்டும்: திறந்த வெளியின் தூரத்தைப் பெரும்பாலும் நம்பலாம், கடைத்தெருச் சுவட்டை ஐயத்துடன் நோக்கவேண்டும், சமதரையின் உயரத்தையும் வலுவையும் மதிப்பீடுகளாக மட்டுமே கொள்ளவேண்டும். திட்டமிடலுக்கோ, வீதியோரத்தில் நின்று, அதிகாலை முதல் இருட்டும்வரை கடந்துசெல்லும் சைக்கிள்களை ஒவ்வொன்றாக எண்ணும் பழைய முறை இன்றும் இன்றியமையாதது. தொலைபேசி வைத்திராதவரும் அக்கணக்கில் இடம்பெறுவர்.