தொட்டி மண்ணில் பூக்கும் பூசணம்

துளசி, புதினா, கற்பூரவல்லி, தூதுவளை முதலிய மூலிகைகளைத் தொட்டியில் வைத்து வளர்க்கும் வழக்கம் நம் அங்கத்தினர்கள் பலருடைய வீடுகளில் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விடாது பெய்து வெயில் குறையுங்கால், இத்தொட்டிகளின் மேல்மண்ணில் பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போன்று வெண்மையாக ஒன்று படர்வதைக் கண்டிருப்பீர்கள். சென்ற மழைக்காலத்தில் சங்கக் கணக்குப் பரிசோதனை நிமித்தம் ஒரு கிராமத்திற்குப் போயிருந்தபொழுது, அங்கத்தினர் ஒருவர் இதைக் கண்டு பயந்து, பருத்திக்கு வாங்கி மீதியிருந்த பூச்சிமருந்தைக் கரைத்துத் துளசித் தொட்டியில் ஊற்றிவிட்டதாகச் சொன்னார். அவ்வீட்டுக் குழந்தைகளின் இருமலுக்குக் கஷாயம் வைப்பது அத்துளசியைக் கொண்டே. நல்ல வேளையாக, மருந்து ஊற்றிய பின் இலை பறிக்கப்படவில்லை. செடியை மண்ணோடு எடுத்துக் கிணற்றுக்கும் மாட்டுத்தொழுவத்திற்கும் தொலைவில் ஆழப் புதைக்கச் சொல்லி வந்தேன். இதனை எழுத நேர்ந்த காரணம் அதுவே.

முதலில் அறிய வேண்டுவது, வெண்மையாகத் தோன்றுவதெல்லாம் பூசணம் அன்று என்பது. நம் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உப்பு. அது ஆவியாகப் போனபின் உப்பு மாத்திரம் மேல்மண்ணிலும் தொட்டியின் விளிம்பிலும் தங்கும். நகத்தால் நிமிண்டினால் உப்பு பொருக்காகப் பெயர்ந்து நொறுங்கும். பூசணமோ நூல்நூலாக விரலில் ஒட்டும். உப்பாயின் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, மழைநீரைத் தாராளமாக ஊற்றி அடித்துவாரம் வழியாக வடிய விட்டால் போதும். பச்சையாக வழவழவென்றிருப்பது பாசி.

பூசணத்தின் வித்துக்கள் கண்ணுக்குப் புலப்படாத தூளாகக் காற்றில் எங்கும் உள்ளன. மண்மேல் பூக்கும் இனங்களில் பெரும்பாலானவை உயிருள்ள செடியைத் தொடுவதில்லை. மட்காத சாணம், சருகு, உமி இவையே அவற்றின் ஆகாரம். ஆகவே அது செடியின் சத்துருவன்று. ஈரம் மிகுந்துவிட்டது, எரு சரியாக மட்கவில்லை என்று நமக்குத் தெரிவிக்கும் அடையாளமே அது. அடையாளத்தை மருந்திட்டு அழித்து, காரணத்தை விட்டுவைத்தால், பத்து நாளில் மறுபடியும் பூக்கும். அதற்குள் வேரும் அழுகத் தொடங்கும். சாம்பல் தூவுவோர் உண்டு. அது மேல் ஈரத்தைச் சற்று உறிஞ்சுமேயன்றி அடிமண்ணின் நீரை வடிக்காது. அதிகமாயின் மண்ணின் காரத்தையும் கூட்டிவிடும்.

செய்யவேண்டுவது எளிது. சற்று நீர் தெளித்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, மேல்மண்ணை அரை அங்குலம் சுரண்டி எடுக்கவும். இழுப்பு நோயுள்ளவர்கள் இவ்வேலையைப் பிறரிடம் விடுவது நலம். பின்பு தொட்டியைத் தூக்கி அடித்துவாரத்தைப் பார்க்கவும். எண்ணெய் டின்களில் செடி வைத்திருப்பவர்கள் பலர் துவாரமிட மறந்தே போகிறார்கள். துவாரத்தின்மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றை வளைவு மேலாக வைத்து, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய எரு ஒரு பங்கு சேர்த்து நிரப்புக. விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்து, உலர்ந்திருந்தால் மட்டும் காலையில் நீர் விடுக. புதினா ஈரத்தை விரும்பும். கற்பூரவல்லியோ தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்து வைத்திருப்பது. இரண்டிற்கும் ஒரே செம்பால் ஒரே அளவு ஊற்றினால் கற்பூரவல்லி அடித்தண்டில் அழுகும்.

மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று விடும் தொட்டிகளின் சங்கதி வேறு. அங்கே மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் மண்ணோடு ஒட்டிய இடத்தில் நீர் கோத்து, நூலாய் இளைத்துச் சாய்ந்து கிடக்கும். இது நாற்றழுகல் நோய். இதற்குப் பெரும்பாலும் காரணமான பித்தியம் என்னும் கிருமியினத்தைப் பற்றிப் பூசா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பட்லர் 1907-இல் விரிவாக எழுதினார். இக்காலச் சாஸ்திரிகள் இதனைப் பூசணங்களோடு சேர்க்காமல், சில பாசிகளுக்கு நெருங்கிய உறவாக வகுக்கிறார்கள். இதன் வித்துக்கள் மண்ணிலுள்ள நீரில் நீந்திப் பரவுமாதலால், ஒரு நாள் அசட்டை செய்தாலும் கடன் பட்டு வாங்கிய விதை வீணாகும்.

விதையை நெருக்கமின்றித் தூவுக. விதைக்குமுன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்கவும். இதுவும் ஒரு பூசணமே, பச்சை நிறத்தது. இவ்வினம் மண்ணிலுள்ள பிற பூசணங்களைப் பற்றி அழிக்கும் என்பதை 1932-இல் வைண்ட்லிங் என்பவர் காட்டினார். நோய் கண்டுவிட்டால், சாய்ந்தவற்றைச் சுற்றுமண்ணோடு அகற்றி, எஞ்சிய மண்ணில் போர்டோ கலவை ஊற்றுக. மயில்துத்தம் 10 கிராமை அரை லிட்டர் நீரிலும், புதிதாகச் சுட்ட சுண்ணாம்பு 10 கிராமை மற்றோர் அரை லிட்டரிலும் மண்சட்டிகளில் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கிளறுக. இரும்புப் பாத்திரம் கூடாது. மினுக்கிய கத்தியைத் தோய்த்தெடுக்கையில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவும். அன்றே உபயோகித்துவிட வேண்டும். இலை பறித்து உண்ணும் மூலிகைத் தொட்டிகளில் இதனை ஊற்றலாகாது.

சில தொட்டிகளில் மஞ்சள் நிறக் குடைக்காளான் முளைப்பதுண்டு. அதுவும் மட்கை உண்டு வாழ்வதே, செடிக்குத் தீங்கில்லை. ஆயினும் உண்ணத்தக்கதன்று, குழந்தைகளின் கை படுமுன் பிடுங்கிப் புதைத்துவிடுக.