பயன்படாது கழிந்த விஸா

கடல் கடத்தல் கோட்டைப்பட்டினத்தார்க்குப் புதிதன்று. பாக்கு நீரிணைக் கரையினின்றும் இலங்கைக்குத் தோணியேறிய முன்னோர் விஸா என்பதொன்றை அறியார். 1948-ஆம் ஆண்டில் இலங்கை அரசு குடிவரவு குடியகல்வுச் சட்டம் இயற்றிய பின்னர், அண்டையிலுள்ள அக்கரையும் அயல்நாடாயிற்று. இக்காலத்திலோ, பெற்ற மகனைக் காண்பதற்கும் ஓர் அரசின் இசைவு வேண்டும். அவ்விசைவைப் பெற்றும் செல்லவியலாது நாள் கடந்துவிடின் யாது செய்வது?

சென்ற விடுமுறையில் அவ்வூரிலுள்ள நண்பர் ஒருவர் இல்லத்திற்கு யாம் சென்றிருந்தோம். அவர்தம் தாயார், பிரான்சு தேசத்திலுள்ள மூத்த மகனையும் பேரக் குழந்தையையும் காண விஸாப் பெற்றிருந்தார். தங்குதற்கு 30 நாள். அதனோடு 15 நாள் சலுகையும் கூட்டி 45 நாளில் அது முடிவதாகும். அந்நிலையில் அவர் கணவர் காலமானார். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து அவர் வெளிவருமுன் விஸா காலாவதியாயிற்று. “தம்பி, கொடுத்ததை வீணாக்கிவிட்டேன், இனிக் கேட்டால் தருவார்களா?” என்று அவர் வினவினார். அவ்வச்சம் பலர்க்கும் உண்டாதலின், யாம் அறிந்ததை ஈண்டு விளக்குதும்.

விஸா என்பது அனுமதியேயன்றிக் கட்டளையன்று. புகாதிருத்தல் குற்றமாகாது, புகுந்து, குறித்த நாளுக்கு மேல் தங்குதலே குற்றமாம். ஆயினும் கழிந்த விஸாவிற்கு மீண்டும் உயிரூட்டல் இயலாது. ஷெங்கன் நாடுகளின் விதிப்படி, தவிர்க்கவியலாக் காரணத்தால் நாள் நீட்டிக்கப்படுவது ஆங்குச் சென்று சேர்ந்தோர்க்கே. ஆதலின் புதிதாக விண்ணப்பித்தலே வழி. 2024 ஜூன் 11 முதல் 90 யூரோவாகிய கட்டணத்தையும் மீண்டும் செலுத்தல் வேண்டும்.

முன்னர்க் கைரேகை பதித்ததுண்டோ என விண்ணப்பம் வினவும். உள்ளதை உள்ளவாறே எழுதுக. 59 மாதத்திற்குள் பதித்த ரேகை பொதுவாக மறுமுறையும் பயன்படும். முன்பு செல்லாமைக்குரிய காரணத்தைச் சில வரிகளில் எழுதி, மரணச் சான்றிதழை இணைத்தல் நலம். எனினும் முன்னைய விஸா பின்னையதற்கு உறுதியாகாது. அதிகாரிகள் இன்றைய நிலைமையையே நோக்குவர். கணவரை இழந்தவர் மகனிடமே தங்கிவிடுவாரோ என்னும் ஐயம் எழக்கூடும். ஆகவே இங்குள்ள வீடு, பிற மக்கள், வருவாய் ஆகிய சான்றுகளை முன்னிலும் தெளிவாகக் காட்டுதல் வேண்டும்.

இழப்பும் ஒன்றுண்டு. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் வகுத்த விதிப்படி, மூன்றாண்டிற்குள் இரு விஸாக்களைப் பெற்று முறையே பயன்படுத்திய இந்தியவாழ் இந்தியர், பன்முறை செல்லத்தக்க ஈராண்டு விஸாவிற்குரியர். பயன்படாத விஸா அக்கணக்கிற் சேராது. அது பழியுமன்று, புகழுமன்று என்க.

இவற்றைக் கேட்ட அவ்வன்னையார், பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வருமாறு மகனைப் பணித்தார். “இன்ஷா அல்லாஹ், இந்த முறை போய்விடுவேன்” என்றார். நாளை நடப்பதை அறியாத மாந்தர், கர்த்தருக்குச் சித்தமானால் செய்வோம் எனச் சொல்லல் வேண்டுமென்று யாக்கோபின் நிருபத்திற் கற்ற எமக்கு, அச்சொல் அயற்சொல்லாகத் தோன்றவில்லை.