அடுத்த நாய் எந்த இனம்? முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்

வளர்த்த நாய் இறந்தபின் சில மாதங்களுக்கு வீட்டில் யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. கழுத்துப்பட்டி கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கும். பிறகு ஒருநாள் இளைய பிள்ளை கைபேசியை நீட்டி, "அப்பா, இந்தக் குட்டி எப்பிடி?" என்று கேட்கும். நம்மில் பலர் பிழை விடுவது அந்த இடத்தில்தான். போன நாயைப் போலவே இன்னொன்று வேண்டும் என்கிறோம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் நிற்கும் அழகான இனத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்கிறோம். நம் வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

ஊரில் நாம் நாய்க்கு இனம் பார்த்தது குறைவு. வசதியான வீடுகளில் ஒரு அல்சேசன் நிற்கும். மற்ற வீடுகளில் ஊர்நாய்தான். அது படலையடியில் படுத்திருக்கும், மிஞ்சிய சோற்றைத் தின்னும், தானே ஒழுங்கையைச் சுற்றிவிட்டு வரும். அதை நடக்கக் கூட்டிப்போக ஒருவர் தேவைப்படவில்லை. இங்கே அப்படியில்லை. நாய் நான்கு சுவருக்குள் வாழ்கிறது. சாப்பாடு, நடை, விளையாட்டு, கழிவு எல்லாமே நம் கைவழியாகத்தான் நடக்க வேண்டும். அதனால் இனத்தைப் பற்றி யோசித்தே ஆகவேண்டும்.

இனம் என்பது ஒரு வேலை

பெரும்பாலான நாயினங்களை மனிதர்கள் ஏதோவொரு வேலைக்காக உருவாக்கினார்கள். அந்த வேலையைத் தெரிந்துகொண்டால் நாயின் இயல்பில் பாதி விளங்கிவிடும். போடர் கொலி, ஆடுகளை மேய்த்து வளைத்துக் கொண்டுவருவதற்கு. ஆடு இல்லாத வீட்டில் அது ஓடும் பிள்ளைகளையும் சைக்கிள்களையும் வளைக்கும். பீகிள், மோப்பம் பிடித்து முயலைத் துரத்துவதற்கு. வாசனை கிடைத்தால் கூப்பிடும் குரல் அதற்குக் கேட்காது. ஊளையிடும் சத்தம் மெல்லிய சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு நன்றாகவே கேட்கும். ஹஸ்கி, பனியில் வண்டி இழுத்து நாள் முழுக்க ஓடுவதற்கு. லப்ரடோர், சுட்டு விழுத்திய பறவையைக் கவ்விக்கொண்டு வருவதற்கு. அதனால்தான் சப்பாத்து, காலுறை என்று எதையாவது வாயில் வைத்துக்கொண்டே திரியும்.

சிறிய நாய் என்றால் தொடர்மாடி வீட்டுக்குப் பொருந்தும் என்பது முழுதும் சரியல்ல. ஜாக் ரசல் ரெறியர் கைக்குள் அடங்கும் அளவுதான், ஆனால் அதைக் களைக்க வைக்க ஒரு ஆள் வேண்டும். மாறாக, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் உயரமான நாய். அது ஒரு நல்ல ஓட்டம் ஓடிவிட்டு, மீதி நாளைக் கதிரையில் படுத்தே கழிக்கும். பூனையோ முயலோ உள்ள வீட்டுக்கு மட்டும் அது யோசிக்க வேண்டிய நாய்.

போன நாயின் இனத்தையே திரும்ப எடுத்தால் அதே குணம் வரும் என்றும் எண்ணக்கூடாது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2022இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் ஏறக்குறைய 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்று அது சொன்னது. நாய் எந்தப் பக்கம் சாயக்கூடும் என்பதற்கு மேல் இனத்தின் பெயர் அதிகம் சொல்லாது. மீதியை அந்தந்த நாயும் அதன் தாயும் வளர்ப்பும்தான் தீர்மானிக்கின்றன. நம் பழைய நாய் திரும்பி வராது. வருவது அந்தப் பழைய நாயைத் தெரியாத ஒரு புதிய உயிர். அதைப் பழையதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

பன்னிரண்டு வருடக் கணக்கு

முதல் நாய் வந்தபோது பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் படித்தார்கள். இன்று அவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள், அல்லது போகப்போகிறார்கள். குட்டியைக் கேட்பவர் பிள்ளைதான். சனவரி மாதத்துப் பனியில் காலை ஆறு மணிக்கு அதை வெளியே கொண்டுபோகப்போவது நாம். சிறிய இனங்கள் 12 முதல் 15 வருடம் வரை வாழும். பெரிய உடம்புள்ள இனங்கள் பலவற்றுக்கு 8 முதல் 10 வருடம்தான். இன்று 53 வயதுள்ளவர் குட்டி எடுத்தால், அது கிழடாகும்போது அவருக்கு 65 வயது. முழங்கால் நோவோடு, உறைந்த நடைபாதையில், 35 கிலோ நாய் ஒரு அணிலைக் கண்டு இழுத்தால் நம்மால் பிடிக்க முடியுமா? கிழட்டு நாயைப் படியால் தூக்கி இறக்க முடியுமா? எடையைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்பது நல்லது.

அடுத்தது நேரம். கணவன் இரவு வேலை, மனைவி பகல் வேலை என்றிருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. ஒருவர் தூங்கும்போது நாய் சத்தம் போடக்கூடாது. இருவரும் இல்லாத நேரம் எத்தனை மணி என்பதையும் உண்மையாக எண்ண வேண்டும். ஜேர்மனியில் 2022 முதல் நடைமுறையில் உள்ள விதி, நாயை நாளுக்கு இரண்டு தடவையாவது, மொத்தம் ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல் வெளியே விடவேண்டும் என்கிறது. சட்டம் இல்லாத நாட்டிலும் இதைக் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஊர்ப்பயணம். ஆறு கிழமை ஊருக்குப் போனால் நாய் எங்கே நிற்கும்? பராமரிப்பு விடுதிக்குக் கட்டும் காசு ஒரு விமானச் சீட்டின் விலையைத் தொடலாம். மைத்துனர் வீட்டில் விடுவதென்றால், அவர் வீட்டில் நிற்கக்கூடிய நாயாக அது இருக்க வேண்டும். அவரிடம் இப்போதே கேட்டு வைப்போம்.

நான்காவது, மூத்தவர்கள். விசர்நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலத்து மனிதர்கள் நம் அம்மம்மாக்கள். அவர்களின் பயம் வேடிக்கையல்ல. பாய்ந்து வந்து வரவேற்கும் நாய், ஊன்றுகோலோடு நடப்பவரை விழுத்திவிடும். அவர்கள் நம்மோடு இருந்தால், குட்டியைவிட வயது வந்த அமைதியான நாயே பொருத்தம்.

அழகுக்குள் இருக்கும் நோய்

பிரெஞ்சு புல்டோக், பக் போன்ற தட்டை முகமுள்ள நாய்கள் இப்போது எங்கும் தெரிகின்றன. அமெரிக்க நாய்ச் சங்கத்தின் பதிவுகளில் 31 வருடம் முதலிடத்தில் இருந்த லப்ரடோரை 2022இல் பிரெஞ்சு புல்டோக் முந்தியது. அந்தக் குறட்டைச் சத்தம் பலருக்குச் செல்லமாகத் தெரிகிறது. உண்மையில் அது பெரும்பாலும் மூச்சுக்குப் போராடும் சத்தம். வெயிலில் அவை விரைவில் தளர்ந்துவிடும், சிலவற்றுக்கு மூச்சுப்பாதையில் சத்திரசிகிச்சை தேவைப்படும். கவலியர் இனத்தில் இதய வால்வு நோயும் மண்டையோட்டுக் குறைபாடும் மிக அதிகம். நோர்வேயின் உச்ச நீதிமன்றம், அந்த இனத்தை அதற்குள்ளேயே இணைத்துக் குட்டி எடுப்பது விலங்குநலச் சட்டத்துக்கு முரண் என்று 2023இல் தீர்ப்பளித்தது. டக்ஸ்ஹுண்டின் நீண்ட முதுகில் முள்ளந்தண்டுத் தட்டு விலகும் ஆபத்து உண்டு. அல்சேசனுக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சினை. லப்ரடோர்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காத மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். விருந்தாளிகள் ஆளுக்கொரு துண்டு றோல்ஸ் கொடுக்கும் நம் வீடுகளுக்கு இது முக்கியமான செய்தி. குட்டி எடுக்கும் முன் மிருக வைத்தியரிடம் ஒரு தடவை கேட்பதும், காப்புறுதியில் அந்த இனத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பதும் நல்லது.

நம் கறிச்சட்டியும் கணக்கில் வரவேண்டும். வெங்காயமும் உள்ளியும் எந்த நாய்க்கும் நஞ்சு, குழம்பில் கரைந்திருந்தாலும் நஞ்சுதான். முந்திரிகை வற்றலும் சொக்லேற்றும் அப்படியே. ஊரில் கறிச்சோறு தின்று வளர்ந்ததே என்பது நியாயமாகாது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2024 பெப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் எக்ஸ்.எல். புல்லி வைத்திருப்பது குற்றம். ஒன்ராறியோவில் 2005 முதல் பிற்புல் தடை. பிரான்சில் ரொட்வைலர் வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். சூரிச் மாநிலத்தில் 2025 சனவரி முதல் அதைப் புதிதாக வாங்கவே முடியாது. ஜேர்மனியில் நாய்வரி ஊருக்கு ஊர் வேறுபடும், சில இனங்களுக்குப் பல மடங்கு. ஒன்ராறியோவில் வாடகை ஒப்பந்தத்தில் 'செல்லப்பிராணி கூடாது' என்று எழுதியிருந்தால் அது செல்லாது. ஆனால் கொண்டோ கட்டடத்துக்கென்று தனி விதிகள் இருந்தால் அவை கட்டுப்படுத்தும். கையெழுத்து வைக்கும் முன் அவற்றை வாசிக்க வேண்டும்.

எங்கே எடுப்பது?

குட்டியைத் தாயோடு, அது பிறந்த வீட்டிலேயே பார்க்க வேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வாங்கக்கூடாது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் வணிக முறையில் விற்க முடியாது. தாயின் குணத்தைப் பார்த்தால் குட்டியின் குணம் ஓரளவு தெரியும். அதைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால், காப்பகத்தில் உள்ள மூன்று, நான்கு வயது நாயைப் போய்ப் பார்ப்போம். அதன் அளவு முடிந்துவிட்டது, குணம் வெளியே தெரிகிறது. பல காப்பகங்கள் அது பிள்ளைகளோடு, பூனையோடு, தனிமையில் எப்படி இருக்கும் என்று சொல்லித்தான் தருகின்றன. இனம் கலந்த நாய் என்று ஒதுக்க வேண்டாம். நம் படலையில் படுத்திருந்தவையும் கலப்புத்தான்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் பலருக்கு, பின்னால் கொஞ்சத் தூரம் வந்து நின்றுவிட்ட ஒரு நாயின் ஞாபகம் இருக்கிறது. அன்று நமக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. வீடு பொருந்தவில்லை, நேரம் இல்லை, கட்டடம் விடவில்லை என்று ஒரு வருடத்தில் காப்பகத்தில் கொண்டுபோய் விடும் நாய்க்கு அந்தக் காரணங்கள் எதுவும் விளங்காது. அதனால் பிள்ளை படம் காட்டும் அன்றே சரியென்று சொல்லாமல், எல்லோருமாக இருந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவோம். கடைசிவரை நம்மோடு இருக்கக்கூடிய இனம் எதுவோ, அதுவே நமக்கு ஏற்ற இனம்.